ஆஸ்பத்திரிப் பெட்டி எழும்பாத காலை

கம்ப்யூட்டருக்குக் குளிர் நல்லது, சார். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஏர்கான் வேண்டுமென்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேமரன் மலையே கொடுத்துவிட்டது.

போன வருஷம், எண்பத்தெட்டில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, கணக்கு எழுதும் கிராணியான என்னைக் கோலாலம்பூருக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்து நானே சர்வரை அமைத்தேன். ஆபீசில் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்தான் சர்வர். பேக்டரி, ஸ்டோர், தோட்டத்து ஆஸ்பத்திரி மூன்றிலும் ஒவ்வொரு சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டி. அவற்றுக்குள் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி தன் எண்ணைக் கேபிள் வழியாகச் சொல்லும். சர்வர் தன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடும். இருந்தால், பெட்டி எழும்பத் தேவையானதை எல்லாம் அனுப்பும். இல்லாவிட்டால் பதிலே வராது. பெட்டி கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்கும். இதைத் தோட்டத்தில் நான்கு பேருக்கு விளக்கினேன். நான்கு பேரும் தலையாட்டினார்கள். மாடும்தான் ஆட்டும்.

டிரெசர் நாகப்பன் அதுகூடச் செய்யவில்லை. வேறு தோட்டங்களில் இருபது வருஷம் ஊசி போட்டுவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர். ஒரு விரலால் எழுத்தைத் தேடுவதற்குள் நோயாளிக்குக் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களின் நோய் விவரங்களை அட்டைகளில் எழுதி வைத்திருந்தார்கள். அத்தனையையும் நான்தான் சர்வரில் ஏற்றினேன். பிறகு அட்டைகளை எரிக்கச் சொன்னேன். நாகப்பன் வேண்டாமென்றார். துரை என் பக்கம் நின்றார்; எரித்தாயிற்று.

தீபாவளி விருந்தில், எல்லோர் முன்னிலையிலும், நாகப்பன் சொன்னார்: "கிராணியோட பெட்டி எழும்புறதுக்குள்ள நான் ரெண்டு பிரசவம் பாத்துடுவேன் லா, துரை."

எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். நான் கோபப்படவில்லை. கோபம் படிக்காதவர்களுக்கு உரியது.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கள் காலை, சர்வர் பட்டியலில் ஆஸ்பத்திரிப் பெட்டியின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினேன். நாகப்பன் என் மேஜைக்கு வந்து, "பெட்டி இல்லாம முடியல" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்பதரை மணிக்குப் போன் அடித்தது. நாகப்பன்தான்.

"கிராணி, பெட்டி எழும்பவே மாட்டேங்குது. மூணாம் லயத்து மணியம்மா, கால் புண்ணு சீழ் புடிச்சு, காய்ச்சல்ல பெனாத்துது. புருஷன் லோரியில கம்போங் ராஜா போயிட்டான். கூட வந்த நாத்தனா சீதாவுக்கு ஒண்ணும் தெரியல. பென்சிலின் போடணும். ஒத்துக்குமான்னு உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

"இங்கேயும் வேலை செய்யல. நேர்ல வாங்க, பேசலாம்."

"இத விட்டுட்டு எப்படிப்பா வர்றது? நீதானே எல்லாத்தையும் ஏத்துன. அவ பேருக்கு நேரா ஏதாச்சும் இருந்துச்சா? ஞாபகம் இருந்தா சொல்லுப்பா. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

கெஞ்சினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போனில் கெஞ்சினால் யாருக்குக் கேட்கும்?

"அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றேன்.

நாகப்பன் ஊசியைப் போட்டார். பத்து மணிக்குத் தோட்டத்து வேன் தானா ராத்தா பக்கம் பறந்தது. பின்சீட்டில் சீதா, மணியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அலறினாள். பெரியாஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. மணியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று பிறகு சொன்னார்கள். அது அட்டையில் இல்லை. நான் தேநீர் குடித்துவிட்டு அந்த இலக்கத்தைப் பழையபடி மாற்றினேன்.

நீங்கள் நாகப்பன்மேல் கேஸ் போட்டீர்கள். மனிதர் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம். அவருக்காக நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று எண்ண வேண்டாம். நேற்று துரை என்னைக் கூப்பிட்டு, சர்வரைக் கழற்றச் சொன்னார். அட்டைகள் வைக்க இரும்பு அலமாரி வருகிறதாம். ஏனென்று கேட்டேன். உங்கள் அறிக்கையை நீட்டினார். 'கம்ப்யூட்டர் பழுது' என்று இருந்தது.

அது தவறு, சார். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இருநூற்றுச் சொச்சம் அட்டைகளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது ஏழில்தான். ஏழும் எனக்கு மனப்பாடம். மணியம்மாவுடையது மூன்றாவது: பென்சிலின் கூடாது, முன்பு ஒருமுறை மூச்சு நின்று பிழைத்தவள். போனில் அவள் பெயரைக் கேட்டபோதே அது எனக்குத் தெரியும். எண்ணை மாற்றியதும் நான், பொய் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். ஆனால் சர்வரைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்று காலை அந்தத் தோட்டத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.