மாடி மாறிப் போன மாப்பிள்ளை

— சிரிக்கமாட்டேன்னு சொன்னாதான் மீதியைச் சொல்வேன் அத்தை.

— நான் எங்க சிரிச்சேன்? இஸ்திரிப் பெட்டி ஆவி மூஞ்சில அடிக்குது. அந்த நீலச் சட்டையை எடுத்துக் குடுத்துட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை. பொண்டாட்டி வீட்டை விட்டு அனுப்பினா எல்லாரும் அவங்கவங்க அம்மா வீட்டுக்குப் போவாங்க. நீங்க என் வீட்டுக்கு வந்து மூணு வாரமாச்சு. கதையையாவது முழுசா கேட்டுக்கறேன்.

— நானா வந்தேன்? உங்க பொண்ணுதான் துணியை எல்லாம் பெட்டியில அடுக்கி, குடியை விடுறவங்க கூட்டம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சுச் சேருங்க, அதுவரைக்கும் எங்க அம்மா வீட்டுல இருங்கன்னு அனுப்பி வெச்சா.

— சரி, தேடினீங்க.

— டாக்டர் ஒரு நம்பர் குடுத்தார். நாலு நாள் சட்டைப் பையிலேயே கிடந்துச்சு. அப்புறம் போன் பண்ணினா ஒரு பெரியவர் எடுத்தார். பேர்கூட கேக்கல. நூலகக் கட்டடம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கடைசி ரூம்னார். எந்த மாடின்னும் சொன்னார். பதட்டத்துல நான்தான் சரியா காதுல வாங்கல.

— போனீங்க.

— அஞ்சே முக்காலுக்கே போயிட்டேன். அங்க லிஃப்ட் கதவு சரியா மூடல. உக்காந்து கழட்டிச் சரி பண்ணினேன். இருபது நிமிஷம் ஆச்சு.

— யார் கேட்டாங்க உங்களை?

— யாரும் கேக்கல. மேல போக பயமா இருந்துச்சு. லிஃப்ட்டுன்னா தெரிஞ்ச வேலை.

— ம். அப்புறம்?

— மூணாவது மாடி, கடைசி ரூம். பத்துப் பன்னெண்டு பேர் வட்டமா உக்காந்திருந்தாங்க. ஒரு அம்மா, வாங்க, புதுசா, மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டிட்டேன். தினமும் காலையில விடணும்னு நினைக்கறேன், சாயங்காலம் முடியல, டூல்ஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கறேன், பொண்டாட்டி கண்டுபிடிச்சு வெளிய அனுப்பிட்டான்னு எல்லாத்தையும். ஆளாளுக்குத் தலையாட்டினாங்க. ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

— பாவம், நல்ல மனுஷங்க.

— பக்கத்துல இருந்தவர், ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கேட்டார். அரை பாட்டில்னேன். அவர் அசந்துபோய், "என்னது, ஜாமா?"ன்னார்.

— ...

— பார்த்தீங்களா, சிரிக்கறீங்க.

— ஆவி, மாப்பிள்ளை, ஆவி. என்ன கூட்டம் அது?

— உடம்பைக் குறைக்கறவங்க கூட்டம். இடம் மாறி வந்துட்டேன்னு நான் சொல்றதுக்குள்ள தராசுல ஏத்திட்டாங்க. ஆறு கிலோ குறைக்கணுமாம். அட்டைகூட போட்டுக் குடுத்திருக்காங்க, இந்தாங்க.

— எண்பத்திரெண்டா? பார்த்தா தெரியல. அதோட ஓடி வந்துட்டீங்களா?

— வந்திருப்பேன். அந்த அம்மாகிட்ட மட்டும் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. ஒரு மாடி கீழன்னு சொல்லி, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய்க் கதவுகிட்ட விட்டுட்டுப் போனாங்க.

— அங்க எப்படி?

— ஏழு பேர் இருந்தாங்க. பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல, டீ குடுத்தாங்க. ஒரு பஸ் டிரைவர் தன் கதையைச் சொன்னார். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வாயில புதினா மிட்டாய் ரெண்டு போட்டுக்குவாராம். நானும் அதேதான் பண்ணுவேன்.

— நீங்க பேசலையா?

— இல்ல. ஜாம்காரங்ககிட்டயே எல்லாம் தீர்ந்துபோச்சு.

— எல்லாமா?

— ...ஒண்ணு பாக்கி இருக்கு.

— அந்தக் கோட்டை ஹேங்கர்ல மாட்டிட்டு உக்காருங்க. ம், சொல்லுங்க.

— போன மாசம் ஒரு எட்டு மாடிக் கட்டடத்துல வேலை. நான் லிஃப்ட் குழியோட உச்சியில நின்னு வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். மத்தியானமே கொஞ்சம் போட்டிருந்தேன். கையில இருந்து ஸ்பானர் நழுவிடுச்சு. கீழ குழியில என் கூட்டாளி குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தான். அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. மேல ஏறி வந்து என்னாச்சுன்னு கேட்டான். டூல்ஸ் பை கிழிஞ்சு விழுந்துடுச்சுன்னு சொன்னேன். நம்பிட்டான். எனக்குப் புதுப் பை வேற வாங்கிக் குடுத்தான் அத்தை.

— என் பொண்ணுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.

— அந்தக் கூட்டாளிகிட்ட உண்மையைச் சொல்லணும், மாப்பிள்ளை.

— சொல்லணும். அந்த டிரைவர் மாதிரி முதல்ல கூட்டத்துல சொல்லிப் பார்த்தா அப்புறம் அவன்கிட்டயும் வாய் வரும்னு தோணுது. அடுத்த செவ்வாயும் போறேன்.

— செவ்வாய் வேண்டாம். வியாழக்கிழமையும் அதே ரூம்ல, அதே நேரத்துக்கு உண்டு. அதுக்குப் போங்க.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— செவ்வாய்னா நான் இந்த இஸ்திரிக் கடையைச் சீக்கிரம் மூடறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? இந்த வாரம் கட்டட வாசல்ல உங்க வண்டி நின்னுச்சு. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

— நீங்க எதுக்கு அத்தை அங்க?

— நான் குடியை விட்டுப் பதினோரு வருஷமாச்சு, இன்னும் வாராவாரம் போய்ப் பேசிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க எதிர்ல உக்காந்தா என் வாயில உண்மை வராது, மாப்பிள்ளை.