சிவப்பு விளக்கின் மேல் சந்தனம்

எனக்குச் சந்தனம் அரைக்க நன்றாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லில் எவ்வளவு தண்ணீர் தெளிப்பது, கட்டையை எவ்வளவு அழுத்துவது என்பது சிலருக்கு ஆயுசுக்கும் பிடிபடாது. அவர்கள் அரைத்தால் நீர்த்துப்போய் வழியும். நான் அரைத்தது வெண்ணெய் மாதிரி வைத்த இடத்தில் நிற்கும். காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால்தான் வரும்.

பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுத் தறியில் கோளாறு என்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "வீரபாகு சொன்னா சரியா இருக்கும்" என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. நான் தறியைக்கூட அதிகம் தொடமாட்டேன். ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவேன்.

என் தம்பி பரமசிவத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவன் பெண்சாதி கலாவதி முழுகாமல் இருந்தாள். அவளை பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போகக்கூடாது என்று அறுபத்தெட்டில் ஒரு பழைய பியட் கார் வாங்கினான். நல்ல காரியம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. இஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஏறவில்லை என்றால் எரிகிற விளக்கு அது. காலையில் ஒழுங்காக இருக்கும். வண்டி சூடானதும் கண்ணைத் திறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தான். தெருவே கூடிவிட்டது.

"இன்னாண்ணா இது, ஆயில் ஃபுல்லா இருக்குது, லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குதே" என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். "இஞ்சின்ல ஒண்ணும் இல்லப்பா. ஆயில் சுவிட்ச் கெட்டுப்போச்சு. லைட்டு பொய் சொல்லுது."

"பாத்த மாத்திரத்துல சொல்லிட்டாரு பாருபா" என்றார் எதிர்வீட்டு முனிரத்தினம். தம்பியின் முகத்தில் உயிர் வந்தது.

நானே மெட்ராஸ் போய்ப் புது சுவிட்ச் வாங்கி வந்தேன். தம்பி ஆபீசுக்கு நடந்து போயிருந்த ஒரு மத்தியானம், தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பழைய சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது. ஆக வயர் எங்கேயும் உரசவில்லை, அதில் குறை இல்லை. புது சுவிட்சை மாட்டி இஞ்சினை ஓடவிட்டேன். சூடானதும் பழையபடி சிவப்பு. ஆக சுவிட்சிலும் குறை இல்லை. விளக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

செவிலிமேட்டுப் பக்கம் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் குமாரசாமியிடம், அரக்கோணத்தில் ஒரு சிநேகிதர் வண்டி என்று சொல்லிக் கேட்டேன். "பேரிங் தேஞ்சிருக்கும். ஓட்டவே கூடாதுபா. ஒரு நாளு நடுரோட்ல இஞ்சின் அப்பிடியே இறுகிக்கும்" என்றான்.

தம்பியிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவிட்ச் என்று நான் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கிறது. இப்போது இல்லை, பேரிங் என்றால் என்ன ஆகும்? நாளைக்கு ஒருவன் தறியைக் காட்ட என்னைக் கூப்பிடுவானா? ஒரு மனுஷனுக்குப் பேர் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

நல்லவேளையாக மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் மூத்தவன் கையால்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும். தறிக்கு வைத்தேன், அதில் ஓடுகிற நாடாவுக்கு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன். காருக்கும் வைத்தேன். ஸ்டியரிங்கில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கின் மேல் ஒன்று, நடுவில் குங்குமம். பூஜைச் சந்தனத்தை எங்கள் வீட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிர வேண்டும். வயரைப் பிடுங்கிப் போடுவதெல்லாம் ஏமாற்று வேலை. எனக்கு அது பிடிக்காது.

"சுவிட்ச் மாத்திட்டேன்பா" என்றேன். தம்பி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சந்தனம் உதிராமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வைத்தேன். கலாவதிதான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்பாள். "மாமாவுக்கு எங்க மேல எவ்ளோ பாசம்" என்று என் பெண்சாதி தில்லையம்மாளிடம் சொல்வாளாம். உண்மைதான். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கார்த்திகை வாக்கில் இஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம் கிளம்பியது. வேறு ஊர்க்காரன் என்றால் பயந்திருப்பான். எங்களுக்குப் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. அது நின்றால்தான் வேலை நின்றுவிட்டது என்று எழுந்து பார்ப்போம். "கேட்டியாண்ணா, தறி ஓடறாப்பல இருக்குது" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன்.

மார்கழியில் ஒரு காலை கலாவதிக்கு நாளுக்கு முன்னாலேயே வலி கண்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே இருக்கிறது, உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். தம்பி வாசலுக்கு ஓடிவந்தான்.

"அண்ணா, ஸ்டாண்ட்லேர்ந்து டாக்ஸி இட்டாந்துடட்டுமா? நம்ம வண்டி கொஞ்ச நாளா இழுக்க மாட்டேங்குதே" என்று என்னைப் பார்த்தான்.

ஒரு நிமிஷம் எனக்கும் உண்மை வாய்வரை வந்தது. வாசலில் முனிரத்தினம் வீட்டார் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"நம்ம வண்டி இருக்கசொல்ல வாடகை வண்டி எதுக்குப்பா? அதுல இன்னா குறை?" என்றேன்.

பின் சீட்டில் தில்லையம்மாள் மடியில் தலை வைத்துக் கலாவதி படுத்திருந்தாள். நான் முன்னால் தம்பி பக்கத்தில். அய்யம்பேட்டை தாண்டும்போது பார்த்தேன், சந்தனத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளேயிருந்து சிவப்பாகக் கசிந்தது. அப்போதுகூட நிறுத்தச் சொல்லியிருக்கலாம், அந்தப் பக்கம் பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. நான் விரலை எச்சிலில் தொட்டுச் சந்தனத்தைத் தடவி விரிசலை அடைத்தேன். கலாவதி அதைப் பார்த்துவிட்டாள். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துப் படுத்தபடியே கை கூப்பினாள்.

வாலாஜாபாத் தாண்டி ஆள் அரவம் இல்லாத இடத்தில் இஞ்சின் இறுகிக்கொண்டது. டக்டக் நின்றது. வெகுநேரம் எதுவும் வரவில்லை. கடைசியில் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். காரைத் தனியாக விட்டுப் போக முடியாது அல்லவா? நான் இருந்துவிட்டேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் சுவிட்சின் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். விரிசல் விட்டது.

கலாவதி பிழைத்துக்கொண்டாள். ஆண் குழந்தை. மூச்சு இல்லாமல் பிறந்தது.

குமாரசாமிதான் இஞ்சினைப் பிரித்தான். "ரெட் லைட்டு எரிஞ்சிருக்கணுமே?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைப் பார்த்தான். "மண்டையே வுட்டுப்போச்சு. மட்டமான சரக்கு."

"அண்ணன் மொதல்லியே சொன்னாரு, கோளாறு சுவிட்ச்லதான்னு" என்று தம்பி அழுதான். மெட்ராஸ் கடைக்காரனைச் சபித்தான், அவன் குடும்பம் விளங்காது என்றான். "விடுப்பா, அவன் பாவம் அவனைச் சும்மா விடாது" என்று நான்தான் தேற்றினேன். குமாரசாமி என்னை நிமிர்ந்து பார்த்தான். அரக்கோணத்துச் சிநேகிதர் ஞாபகம் வந்திருக்கலாம். மறுபடி இஞ்சின் பக்கம் குனிந்துகொண்டான். அதன் பிறகு தெருவில் என் பேர் இன்னும் ஒரு படி ஏறியது.

இப்போது கலாவதி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். தம்பி வேறொரு கார் வாங்கியிருக்கிறான், இதுவும் பழசுதான். நேற்று மாலை வந்து, "அண்ணா, இதுலயும் ஒரு லைட்டு வுட்டு வுட்டு எரியுது. நீ வந்து பாத்து சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான். பின்னால் கலாவதி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

எனக்கு எழுந்துபோய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "ஒண்ணும் இல்லப்பா, சுவிட்ச்தான்" என்றேன்.