கை நனைக்காத சம்பந்தம்

மாரியாத்தாள்: இதென்னுங்க, வந்ததுல இருந்து கேக்கறேன். ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.

கீதா: தாகமே இல்லீங்கக்கா. வர்ற வழியில தாராபுரத்துல காப்பி குடிச்சுப்போட்டுத்தான் வந்தோம்.

மாரியாத்தாள்: காப்பி வேற, தண்ணி வேறைங்க. ஊடு பாக்க வந்த பொண்ணு ஊட்டுக்காரங்க கை நனைக்காம போனா, சம்பந்தம் புடிக்கலீன்னுதான ஊருக்குள்ள பேசுவாங்க?

கீதா: அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க. ஊடு புடிச்சிருக்குது. உங்க பையன் தீபக்கைப் புடிச்சிருக்குது. எங்க லோகப்பிரியாவுக்கு அதுக்கும் மேல.

மாரியாத்தாள்: அதுதான் பாத்தாலே தெரியுதே! ஊட்டைப் பாக்காம, தோட்டத்தச் சுத்திப் பாக்கறேன்னு பையன் பொறத்தாலயே போயிருச்சு. நானெல்லாம் தாலி கட்டுன மறுநாள்தான் மாப்பிள்ள மூஞ்சியப் பாத்தேன்.

கீதா: பாத்து?

மாரியாத்தாள்: பாத்து என்னத்தப் பண்ண... தாலிதான் ஏறிப்போச்சே!

கீதா: போங்கக்கா! சிரிப்புக் காட்டாதீங்க...

மாரியாத்தாள்: சிரிச்சா தொண்டை வறளுமில்லீங்க? இந்தாங்க சொம்பு.

கீதா: ...வெச்சிருங்க. அப்புறமாக் குடிக்கறேன். அவங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம் போனாங்க?

மாரியாத்தாள்: தெக்கால. தெக்காலதான் போகச் சொன்னேன்.

கீதா: வரும்போது பாத்தனுங்க... வடக்கு மூலைக்கு ஒரு லாரித்தடம் போகுதே?

மாரியாத்தாள்: அதுவா... தேங்கா ஏத்தற லாரிங்க.

கீதா: தேங்கா லாரிக்கு அத்தன ஆழமாவா பதியும்?

மாரியாத்தாள்: மழை பேஞ்சுதுங்க.

கீதா: எப்பங்க பேஞ்சுது?

மாரியாத்தாள்: எப்பவோ பேஞ்சுது! என்னுங்க நீங்க, போலீஸ்காரம்மா மாதிரி... பனியன் கம்பெனின்னுதான தரகர் சொன்னாரு?

கீதா: ஆமாங்க. எங்க ஊட்டுக்காரரு தவறிப்போனதுக்கப்புறம் நானேதான் பாத்துக்கறேன். பனியன்... அதச் சேர்ந்த வேலைக.

மாரியாத்தாள்: சேர்ந்த வேலைன்னா?

கீதா: பலதும் இருக்குதுங்க. ஏனுங்கக்கா, எதுக்கு எந்திருச்சு எந்திருச்சு சன்னலுக்குப் போறீங்க? சித்த உக்காருங்க.

மாரியாத்தாள்: நீங்க எதுக்குங்க அந்தச் சொம்பை அக்கட்டயும் இக்கட்டயும் நகத்திட்டே இருக்கறீங்க?

கீதா: செரி, நகத்தலீங்க. நீங்க உக்காருங்க.

மாரியாத்தாள்: அட இவன் எங்க போறான்! படிச்சுப் படிச்சு சொன்னனே... வடக்கு மூலைக்குக் கூட்டிட்டுப் போறானே!

கீதா: எங்கங்க? தள்ளுங்க... அந்தக் குட்டை மரத்துல இளநி வெட்டறாரு!

மாரியாத்தாள்: சீவிட்டான்... அவகிட்ட நீட்டறான்... டேய் தீபக்! குடுக்காதடா!

கீதா: லோகு! வாயில வெக்காத! கீழ போடு!

லோகப்பிரியா: ஏம்மா கத்தற? இளநிதானம்மா?

கீதா: போடுன்னாப் போடு!

மாரியாத்தாள்: ...போட்டுட்டா. உக்காருங்க அம்மணி. உங்க சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

கீதா: உங்களுதுந்தானுங்க.

மாரியாத்தாள்: நான் கத்துனதுக்குக் காரணம் இருக்குதுங்க. நீங்க எதுக்குக் கத்துனீங்க?

கீதா: மொதல்ல நீங்க சொல்லுங்கக்கா.

மாரியாத்தாள்: மறைச்சுப்போட்டு உங்க புள்ளையக் கூட்டிட்டு வந்தா அந்தப் பாவம் என்னத்தான் சேரும்... அந்த மூலையில ஒரு போர்வெல் இருக்குதுங்க. வத்திப்போச்சு. சாயக் கழிவுத்தண்ணி லாரிக்காரன் வந்து, அதுக்குள்ள ஊத்திக்கறோம்னான். வறண்ட போர்தான, யாருக்கு என்ன நட்டம்னு எங்க ஊட்டுக்காரரு தலையாட்டிப்போட்டாரு. நானும் செரின்னுட்டேன்.

கீதா: அப்புறம்?

மாரியாத்தாள்: மேல வத்துனா என்ன, அடியில எல்லாம் ஒண்ணுதான்னு எங்க புத்திக்கு எட்டலீங்களே. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் ஊட்டுல மொதல்ல தண்ணி செவந்துச்சு. அவங்க கன்னுக்குட்டி செத்துப்போச்சு. அப்புறம் எங்க தண்ணி. தீபக் கோயமுத்தூருல இருக்கறவன், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. வந்தா கேன் தண்ணிதான் குடுப்பேன். உங்க சொம்புல இருக்கறதும் கேன் தண்ணிதானுங்க, பயப்படாதீங்க.

கீதா: நிறுத்தச் சொல்லலீங்களா?

மாரியாத்தாள்: சொன்னமுங்க. கேஸ் வந்தா உங்க மேலயுந்தான் வரும்னு லாரிக்காரன் மெரட்டறான். எனக்கு ராத்தூக்கமே போச்சுங்க... செரி, நான் சொல்லிப்போட்டேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே தண்ணி வேண்டாம்னீங்களே, அது எப்படி?

கீதா: லாரித்தடத்துல மண்ணு நீலமாக் கெடந்துதுங்க. அந்த நீலம் எனக்குத் தெரியும். போன வாரம் பூராம் எங்க பட்டறையில அந்தச் சாயந்தான் ஓடுச்சு.

மாரியாத்தாள்: பட்டறையா? பனியன் கம்பெனின்னு...

கீதா: சாயப்பட்டறைங்கக்கா. வெளிய சொல்லிக்கறதில்ல. அந்த லாரி எங்களுது.

மாரியாத்தாள்: அடி ஆத்தா... தெரிஞ்சேவா அனுப்புனீங்க?

கீதா: சத்தியமாத் தெரியாதுங்க. எங்கயோ ஒரு தோட்டம்னு டிரைவர் சொன்னான். நானும் அதுக்கு மேல கேக்கல.

மாரியாத்தாள்: ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா அம்மணி?

கீதா: புள்ளையக் குடுக்கற ஊடாச்சேன்னு இந்த ஊரு பூராம் ஆள் விட்டுக் கேட்டனுங்க. பையன் குடிப்பானா, மாமியா எப்படி, தோட்டத்துல தண்ணி எப்படின்னு... தண்ணி தங்கம் மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. லாரி யார் ஊட்டுத் தண்ணியில போயி ஊத்துதுன்னு மட்டும் நான் கேக்கவே இல்லீங்களேக்கா.