அஸ்வினி டீச்சருக்கு எதற்கு வழியனுப்பு விழா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் பள்ளித் தாளாளர் திரு. சாய்நாத் அவர்களே! அறிவும் அனுபவமும் அருகருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு, மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் மூச்சிரைக்க வந்திருக்கும் தாய்மார்களே! அழைப்பிதழின் கடைசி வரியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இப்பள்ளித் தமிழாசிரியனான என் பெயரை அச்சிட்ட விழாக்குழுவினரே! வணங்குகிறேன்.

இரட்டைக் குழந்தைகளைப் பெற்றிருக்கும் கணித ஆசிரியை அஸ்வினியைப் பாராட்டி வழியனுப்பச் சொன்னீர்கள். அதற்கு முன் ஒன்றை அறிய ஆசைப்படுகிறேன். பணியா, பிள்ளையா என்று ஒரு பெண் தேர்ந்தெடுக்கிறாள் என்கிறோமே, அவள் தேர்ந்தெடுப்பதை நம்மில் யாராவது கண்ணால் கண்டதுண்டா?

நான் கண்டதில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், இதே மேடையில், ஸ்ரீரஞ்சனி என்ற ஆசிரியைக்கு வழியனுப்பு விழா எடுத்தோம். அடுத்த தலைமையாசிரியை அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். "பதவியைத் துறந்தார், பாசத்தைப் பற்றினார், நாற்காலியை நீத்தார், தொட்டிலை நாடினார்!" என்று நான் முழங்கினேன். அரங்கமே அழுதது. பொன்னாடை போர்த்தினோம். அந்த நாற்காலி எனக்காவது வந்ததா? வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

சென்ற மாதம் மயிலாப்பூர் மாடவீதியில், ஒரு கீரைக்கடை முன்னால் அவரைப் பார்த்தேன். "ஏம்மா அன்னைக்கு வேலையை விட்டீங்க?" என்றேன். சிரித்தார்.

"நான் எங்க சார் விட்டேன்? ஒரு வருஷம் லீவுதானே எழுதிக் கொடுத்தேன்! நீங்கள்லாம் மாலையைப் போட்டு நிக்க வெச்சுட்டேள். நீங்க வேற அப்படிப் பேசினேள். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட திரும்பி வர்றது? 'கொழந்தையை விட்டுட்டு வந்துட்டா பாரு'ன்னு சொல்லியிருக்க மாட்டேளா?"

சொல்லியிருப்போமா, மாட்டோமா? அதோ, இரண்டாம் வரிசையில் ஒரு தாய் தலையாட்டுகிறார்!

அந்த விடுப்புக் கடிதத்தை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. விழா எடுப்பதில் இருந்த வேகம் வாசிப்பதில் இல்லை. என் வாய்ச்சொல் ஒரு பெண்ணின் வேலையை விழுங்கிவிட்டது.

பின்னால் யாரது? "சார், டிபன் ஆறிக்கினு கீது" என்கிறீர்களா? ஆறட்டும் நைனா!

அஸ்வினியின் கணவர் பிரசாத் எங்கே? தம்பி, அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தகப்பன் நீங்கள்தானே? உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு விழா எடுத்தார்களா? என்ன சொல்கிறார் கேளுங்கள்: "இல்ல சார். பத்து நாள் லீவு. திரும்பிப் போனன்னைக்கு கேக் வெட்டுனாங்க." ஆகா! தந்தை திரும்பி வந்தால் கேக். தாய் திரும்பவே கூடாதென்று பொன்னாடை! இது எந்த ஊர் நியாயம்?

அஸ்வினி, அந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிவாங்கி அருகே வாருங்கள். உங்கள் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? வீட்டில் இருப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதுவும் நன்றே; இந்தப் பொன்னாடையை நானே தலைவணங்கித் தருகிறேன். ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் அல்ல.

கேட்டீர்களா? கேட்டீர்களா அவர் சொன்னதை? "ஜூன் வரைக்கும் லீவு சார். பத்தாங்கிளாஸை யாருக்கும் கொடுத்துடாதீங்க, அது எனக்கு வேணும்."

தாளாளர் அவர்களே, பொன்னாடையை மடித்து வையுங்கள். பேனாவை எடுங்கள். இத்தனை பேர் சாட்சியாக அந்த விடுப்பில் கையெழுத்திடுங்கள். நான் எழுதிவந்த பாராட்டுரை என் பையிலேயே இருக்கட்டும். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. அஸ்வினி, ஜூனில் பார்ப்போம். வணக்கம்!