தேடலில் வராத அக்கா

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார இளைஞன், "எங்கக்காவை நானே ஒளிச்சு வெச்சுட்டேன் மச்சான்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாடா சொல்ற?" என்றான் பக்கத்திலிருந்த நண்பன்.

"எங்க கல்யாண வெப்சைட்ல, அவங்கவங்களே தலைப்பு போட்டு எதையும் எழுதிக்க ஒரு இடம் இருக்குல்ல? அக்கா அதுல 'உடல்குறை'ன்னு போட்டு, 'இடது காலை லேசா தாங்கி நடப்பேன்'னு எழுதியிருக்கா. முன்னாடியெல்லாம் அந்த இடத்துல எதையும் தேட முடியாது. போட்டோ, படிப்பெல்லாம் பாத்துட்டுக் கடைசியிலதான் அதைப் படிப்பாங்க. அப்பவும் சில பேர் போன் பண்ணாங்க. மேனேஜர் அதையும் தேடுற மாதிரி பண்ணுன்னாரு. பண்ணேன். இப்ப உடல்குறைன்னு தலைப்பு போட்டவங்க வேணாம்னு ஒரு டிக் அடிச்சா போதும், அக்கா வரவே மாட்டா."

"அந்த வரியை எடுத்துடேன். உன் கையிலதானே கீது?"

"கேட்டேன். பொண்ணு பாக்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு, நான் நடக்கறதைப் பாத்துட்டு எழுந்து போறதுக்கு இது தேவலைங்கறா."

"உங்கப்பா?"

"ஏன்டா போனே வரலன்னு தினமும் கேக்கறாரு. சர்வர் ரிப்பேர்னு சொல்லியிருக்கேன்."

குரோம்பேட்டை தாண்டியது.

"மேனேஜராவது ஏதாச்சும் சொன்னாரா?"

"அந்த டிக்கை அடிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு. ஒருத்தர்கூட தப்பி வரலியாம். சூப்பர்னாரு."