மூடியில் எழுதிய பேர்

கண்தானப் பாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்காருங்கய்யா... ஒரு சின்னக் கதை இருக்கு, கேட்டுட்டுப் போங்க. சொல்லி முடிக்கிறப்போ நானும் குழம்புவேன், நீங்களும் குழம்புவீங்க. பரவாயில்லையா?

ஒரு கண் ஆஸ்பத்திரி லேப்புல பிரிசில்லான்னு ஒரு அம்மா. என்ன வேலை? நோய்நொடி இல்லாத கருவிழியில ஒரு துண்டு எடுத்து, மைக்ராஸ்கோப்புல வச்சுப் படம் பிடிக்கிறது. மனுஷக் கண்ணு, ஆட்டுக் கண்ணு, முயல் கண்ணு... ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டுல. ஒருநாள் அவசரத்துல என்ன பண்ணாங்க? பேரைத் தட்டுல எழுதாம, மூடியில எழுதிட்டாங்க. மூணு மூடியையும் ஒண்ணாத் திறந்து வச்சுட்டுப் படமும் எடுத்தாச்சு. அப்புறம்... எந்த மூடி எந்தத் தட்டுக்கு?

அன்னைக்குன்னு பார்த்து கொப்பையா வந்து நிக்கிறார். கண்தானம் பண்ணிட்டுப் போன வெள்ளத்தாயோட வீட்டுக்காரர். ஒரு கண்ணை யாருக்கோ பொருத்தியாச்சு, இன்னொண்ணு இந்த லேப்புக்கு வந்துச்சு. அதைப் படத்துலயாவது ஒரு தடவை பார்க்கணும்னு அவருக்கு ஆசை.

பிரிசில்லா படத்தைத் திறந்தாங்க. மூணுலயும் தேன்கூடு மாதிரி அறை அறையா... ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியலை. ஏதோ ஒண்ணைக் காட்டி 'இதுதான்'னு சொன்னா மனுஷன் நிம்மதியாப் போயிடுவார். சொல்லலாமா? கூடாதா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

கடைசியில சொல்லிட்டாங்க. "ஐயா, தப்பு என்னோடது. இதுல ஒண்ணு உங்க வீட்டம்மா. எதுன்னு எனக்குத் தெரியலை. மத்தது ஒண்ணு ஆடு, ஒண்ணு முயல்."

முப்பத்திரெண்டு வருஷம் பார்த்த கண்ணுய்யா. முதல் படத்தைப் பார்க்கிறார்... மூணாவதைப் பார்க்கிறார்... திரும்பவும் முதல்ல இருந்து பார்க்கிறார். பிடிபடலை. அப்புறம் மெதுவா, "மூணையும் கொஞ்சம் பெருசாக் காட்டுங்கம்மா"ன்னார். மூணுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டார்.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. அந்தம்மா உண்மையைச் சொன்னது சரியா? அவர் ஆட்டையும் சேர்த்துத்தானே கும்பிட்டார்... அது சரியா? நினைச்சா மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு புரியுது. 'எங்க கண்ணை எந்தத் தெரு ஆளுங்களுக்கு வைப்பீங்க?'ன்னு கேட்கிறீங்களே... கட்டின புருஷனுக்கே ஆடு எது, பொண்டாட்டி எதுன்னு தெரியலை. அதுல உங்க தெருவை எங்கய்யா தேடுவீங்க? கொடுங்க... யாருக்குன்னு கேட்காமக் கொடுங்க.