பசை போன காரும் வசை சுமந்த மாப்பிள்ளையும்

விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஆசிரியப் பெருந்தகை அண்ணாமலை அவர்களே! நம் மலையின் இன்னொரு பகுதியான வாழவந்தி நாட்டிலிருந்து வந்து ரிப்பன் வெட்டி வைத்து, வெட்டிய கத்திரிக்கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல் வரிசையில் வீற்றிருக்கும் என் சம்பந்தி சின்னராசு அவர்களே! அரியூர் நாட்டின் ஆன்றோர்களே, அனுபவத்தில் மூத்த சான்றோர்களே! மரவள்ளிக் காட்டு வேலையை ஒரு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குள் இடமிருந்தும் பைக்கை விட்டு இறங்க மனமில்லாத தம்பிமார்களே! எல்லாருக்கும் மேலாக, இன்று வாட்டர் வாஷ் கொட்டகை திறக்கும் மகராசி, மலைக்கு வந்த மாணிக்கம், எனக்கு அண்ணன் மகள் முறையாகும் கோகிலா அவர்களே! உங்கள் அனைவருக்கும் மிளகு விவசாயி அப்புசாமியின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று தலைவர் சொன்னார். ஐயா, ஐந்து நிமிடத்தில் நான் வணக்கத்தையே முடித்ததில்லையே, அது உங்களுக்குத் தெரியாதா? சிரிக்கிறார். அப்படியானால் அனுமதி கிடைத்துவிட்டது.

வாழ்த்துவதற்கு அழைத்தார்கள். வாழ்த்துவதற்கு முன்னால் நான் நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் செய்தவன் நான். மூன்று மாதமாய்த் தண்டனை அனுபவிப்பவர் வேறொருவர். அவரும் இந்தப் பந்தலில்தான் இருக்கிறார். அதை இன்று சொல்லாமல் போனால், இந்த மைக்கைத் தொடுகிற யோக்கியதை எனக்கு இனிமேல் கிடையாது.

கேளுங்கள். ஆவணி மாதம் என் மகள் தாமரைச்செல்விக்கும் சம்பந்தியின் மகன் சசிதரனுக்கும் காளப்பநாயக்கன்பட்டி மண்டபத்தில் கல்யாணம். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், ரசத்தில் உப்பு அதிகம் என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு மணமக்கள் ஏறி வந்த காரைப் பார்த்தீர்களே, கருநீலக் கார், அது யாருடையது? சம்பந்தியினுடையது. வாங்கி நாற்பது நாள் ஆகவில்லை. இருக்கைக்கு மேல் போட்டிருந்த பாலிதீன் உறையைக்கூட அவர் கழற்றவில்லை. முப்பது வருடம் மரம் ஏறி மிளகு பறித்த கால்கள் வாங்கிய கார் ஐயா அது! அவருக்கு ஓட்டத் தெரியாது. மகன் ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும், அந்த ஒரே ஆசைக்காக வாங்கிய கார்.

அந்தக் காருக்குப் பூ அலங்காரம். பூக்காரர் நூலில் கட்டினார், ரிப்பனில் கட்டினார், அழகாய்க் கட்டினார். நான் சும்மா இருந்தேனா? நம் மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு? சொல்லுங்கள். எழுபது! எழுபது வளைவும் ஏறி வரும்போது, காற்று ஒரு பூவைக் கொண்டுபோனால் அப்புசாமியின் கௌரவம் என்ன ஆவது? வீட்டில் மிளகு பார்சல் ஒட்டுகிற அகலமான பழுப்பு டேப் இருந்தது. அதை மண்டபத்துக்கே எடுத்துப் போயிருந்தேன். பானெட்டில் ஒட்டினேன், கூரையில் ஒட்டினேன், கதவு நான்கிலும் ஒட்டினேன். சம்பந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார், “டேப்பு வேண்டாமுங்க, பெயிண்ட்டு புதுசுங்க” என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீங்க பேசாம இருங்க சம்பந்தி, எல்லாம் நான் பாத்துக்கறேன்!”

பார்த்துக்கொண்டேன். நன்றாய்ப் பார்த்துக்கொண்டேன்! எழுபது வளைவிலும் ஒரு பூ விழவில்லை. அன்று விழுந்ததெல்லாம் என் புத்தி ஒன்றுதான்.

மறுவீட்டு விருந்துக்கு மணமக்கள் அதே காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று நாள் விருந்து. மூன்று நாளும் கார் வாசல் வெயிலில். பூ வாடியது, டேப் வெந்து கிடந்தது, எவனும் அதைக் கழற்றவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குச் சம்பந்தி போன் செய்தார். “காரு பத்திரமா இருக்குதுங்களா?” என்று கேட்டார். மகனைக் கேட்கவில்லை, மருமகளைக் கேட்கவில்லை, காரைக் கேட்டார்! “தங்கமாட்டம் இருக்குதுங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பை உரிக்கப் போனேன்.

டேப் வந்தது. பசை வரவில்லை. கருநீலத்தின் மேல் அழுக்கு மஞ்சளாய்ப் பட்டை பட்டையாய்ப் பசை. அதன் மேல் மூன்று நாள் புழுதி. என் மகள் வாசலுக்கு வந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. “ஏனுங்கப்பா, நாங் குடும்பம் பண்ணப் போற ஊட்டுக்கு, மொத நாளு இந்தக் காரோடயா போறது?” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல்? டேப் மேல்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பள்ளிக்கூடத்தில் இதே அண்ணாமலை ஐயாவோடு உட்கார்ந்து படித்தவன்தான் நான். படித்து என்ன? ஓடினேன் சமையல்கட்டுக்கு. எடுத்தேன் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை. வைத்தேன் பின் கதவில். தேய்த்தேன்!

பாவாயி, அதோ தாய்மார்கள் வரிசையில் தலையைக் குனிந்து சிரிக்கிறாளே என் வீட்டுக்காரி, அவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “ஏனுங்க, இதென்ன அடிப்புடிச்ச குண்டானுங்களா? காருங்க!” என்று கத்தினாள். கையை எடுத்தேன். பசையும் போயிருந்தது, பசையோடு சேர்ந்து நிறமும் போயிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாய் ஒரு கீறல்.

நிமிர்ந்து பார்த்தால், பல் விளக்குகிற பிரஷ் வாயில் இருக்க, மாப்பிள்ளை நிற்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போல வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அதோடாவது அடங்கினேனா? கம்பி நார் கெடுத்ததைப் பெட்ரோல் சரி செய்யும் என்று பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் பாவாயி ஆள் விட்டு அழைத்த கோகிலா வாசலுக்குள் நுழைந்தார். சேலத்தில் கார் பாலீஷ் போடுகிற பட்டறையில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்து, “வண்டி கழுவற ஷெட்டு போடப் போறேன்” என்று சொன்னபோது நாம் என்ன சொன்னோம்? ஓடைத் தண்ணீர் இருக்கும்போது ஷெட் எதற்கு என்று சிரித்தோம். நானும் சிரித்தேன், உரக்கச் சிரித்தேன். அந்தப் பெண் வந்து சொன்ன முதல் வார்த்தை, “சித்தப்பா, அந்தப் பாட்டல கீழ வெய்யுங்க.” வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாய் எதையும் கீழே வைத்ததில்லை.

தம்பிமார்களே, பைக் மேல் இருக்கிற தம்பிமார்களே! ஸ்டிக்கர் ஒட்டுவதே தொழிலாய் வைத்திருக்கிறீர்களே, இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் வண்டியை நிழலுக்குத் தள்ளச் சொன்னார். சூட்டோடு எதையும் தொடக் கூடாதாம். அடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூ போட்டுப் புழுதியைக் கழுவினார். ஏன்? “புழுதியோட தேச்சா உப்புத்தாளுல தேச்ச மாதிரிங்க சித்தப்பா.” சரி என்றேன். பிறகு மெத்தென்று நைந்த பருத்தித் துணி கேட்டார். வீட்டில் இருந்ததெல்லாம் கல்யாணத்துக்கு எடுத்த மொடமொடப்பான புதுத் துணி. நைந்தது ஒன்றே ஒன்று. அது என் இடுப்பில் இருந்தது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே! உள்ளே போய் லுங்கிக்கு மாறிக்கொண்டுதான் கொடுத்தேன்.

என் வேட்டியை நாலாகக் கிழித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றை நனைத்துப் பசை மேல் போர்த்தினார். கை பொறுக்கிற சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றார். பசை இளகியது. அடுத்த துணியில் தேங்காய் எண்ணெய். பளிச்சென்று தெரிகிற பானெட்டில் தொடங்கினாரா? இல்லை! யார் கண்ணிலும் படாத கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே வந்தார். எண்ணெய் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. “தேய் கண்ணு, மணி ஆகுது” என்றேன். “எண்ணெ வேல செய்யுதுங்க சித்தப்பா, நாம செய்ய வேண்டாம்” என்றார்.

பத்து நிமிடம். பத்து யுகம்! அதற்குப் பிறகு துணியை விரலில் சுற்றிக்கொண்டு மெதுவாய் உருட்டினார். பசை திரண்டு திரண்டு வந்தது. பிடிவாதமாய் நின்ற இடத்தில் பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றைத் துணியில் பொதிந்து, படுக்கை வாக்கில் தள்ளினார். அப்போதும் வராத இடத்தில் அழுத்தினாரா? அழுத்தவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. ஒரு பட்டைக்கு மூன்று முறை, சில பட்டைக்கு நான்கு முறை. பதறாத காரியம் சிதறாது என்று மேடை மேடையாய்ப் பேசியவன் நான். அதைக் கையால் செய்து காட்டியவர் அவர். கடைசியில் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துடைத்து, மெழுகு பூசினார். மணி பதினொன்றே முக்கால். பானெட்டில் என் மகள் முகம் தெரிந்தது. அவள் சிரித்தாள். கோகிலா, அந்தச் சிரிப்புக்கு நான் என்ன விலை கொடுப்பேன் தாயே? என் பெண் தலை நிமிர்ந்து புகுந்த வீட்டுக்குப் போனாள் என்றால் அது உங்கள் கைகளால்! உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

கைதட்டுங்கள், நன்றாய்த் தட்டுங்கள்! ஆனால் எனக்குத் தட்டாதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

கிளம்பும்போது கோகிலா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். “பசை போயிருச்சுங்க சித்தப்பா. பெயிண்ட்டு போனது வராதுங்க. பாலீஷ் போட்டு மங்க வச்சிருக்கறேன், கூர்ந்து பாத்தாத் தெரியும். சம்பந்திகிட்ட இன்னிக்கே சொல்லிருங்க.” சொன்னேனா? சொல்லவில்லை. மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற வாய், மூன்று வார்த்தை சொல்ல முடியாமல் மூடிக்கொண்டது.

அடுத்த வாரமே சம்பந்தி காரைத் துடைக்கும்போது கீறலைப் பார்த்தார். மகனைக் கூப்பிட்டார். “எங்கடா கொண்டுபோயி ஒரசுன? நாப்பது நாளு வண்டியக் கண்ணாட்டம் வச்சிருக்கத் தெரியாதவனுக்குச் சாவி எதுக்கு?” என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. கதவில் தேய்த்த கை யாருடையது என்று கண்ணால் கண்டவர், காட்டிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சம்பந்தி எங்கே போனாலும் கூலிக்கு வண்டி ஓட்டுகிற வேல்முருகன் வந்துதான் அந்தக் காரை எடுக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த மகன் வாசலில் நிற்பார்; கார் அவரைத் தாண்டிப் போகும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மகளும் மாப்பிள்ளையும் பைக்கில் தொப்பலாய் நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “காரு எங்க சாமி?” என்று மகளிடம் கேட்டேன். அப்போதுதான் நடந்ததையெல்லாம் சொன்னாள். “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, அவரு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு” என்றாள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் நான் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றைத் தின்றுகொண்டும் இருந்தேன்.

சம்பந்தி அவர்களே! இதோ எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன். டேப் ஒட்டியது நான்! வேண்டாம் என்று தடுத்த உங்களை அடக்கியது நான்! கம்பி நாரால் தேய்த்தது நான்! தெரிந்தும் மறைத்தது நான்! உங்கள் மகன் கையால் அந்தக் காரில் ஒரு சின்னக் கீறலும் விழவில்லை. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள். தனியாக வேண்டாம், இங்கேயே, இவர்கள் எல்லாரும் கேட்கத் திட்டுங்கள்.

சம்பந்தி எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி. தம்பி, அந்தப் பைக்கை நிறுத்துங்கள்.

என்னைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்துக் கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “ஏஞ்சாமி, மூணு மாசமா நான் பேசுன பேச்சுக்கெல்லாம் வாயத் தொறக்காம நின்னயே, ஏன்?”

மாப்பிள்ளை, எழுந்து நின்று சத்தமாய்ச் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்.

கேட்டீர்களா? தாய்மார்களே, கேட்டீர்களா? “நீங்க என்னத் திட்டுனா, பெத்த அப்பா திட்டறதுங்க. அவங்கப்பாவ ஒரு சொல்லு சொல்லிப்புட்டா, தாமரை நம்மூட்டுல எப்படீங்க சோறு திம்பா?”

தலைவர் தண்ணீர் நீட்டுகிறார். தண்ணீர் வேண்டாம் ஐயா, வேண்டாம்.

என் பெண் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாய்ச் சாப்பிட வேண்டும் என்பதற்காக, மூன்று மாதம் ஒரு பிள்ளை பெற்றவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். அந்தக் காரணம் தெரியாமல் நான் ஊர் ஊராய் மேடை ஏறிக்கொண்டிருந்தேன். அதோ, சம்பந்தி மடியிலிருந்து சாவியை எடுத்து மகன் கையில் வைக்கிறார். மகனின் விரல்களைச் சாவி மேல் அவரே மடக்கி வைக்கிறார். கைதட்டாதீர்கள், இப்போது தட்டாதீர்கள்.

பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கு நன்றி. தாய்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் நன்றி. கோகிலா, உங்கள் கொட்டகை செழிக்கட்டும், உங்களுக்கு என் குடும்பமே நன்றி சொல்கிறது. வயதில் இளையவரைக் கும்பிடக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மாப்பிள்ளை, இந்த மேடையில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒரு வணக்கம், அது உங்களுக்கு.